புள்ளியைக் கொண்டுபோன கபரகொய்யா

வினோ, ரம்மி, அப்பா வாராவாரம் பிள்ளைகளுக்கு எழுதுகிற கதையில் இந்தக் கிழமை உங்கள் முறை.

"எங்களைப் பற்றி ஒண்டும் எழுதுறீங்கள் இல்லை" என்று ரம்மி போன கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். வினோ அதற்கு நேர்மாறு. "என்னைப் பற்றி எழுதினால் இனி உங்களோட கதைக்க மாட்டன்" என்றாள். பிறகு நானே போய்க் கேட்டேன். கோழிக் கதையை எழுதட்டுமா என்று. "அந்தப் பச்சை முட்டை உண்மையாவே நாறினது எண்டு எழுதுவீங்களெண்டா எழுதுங்கோ" என்றாள்.

எழுதுகிறேன். அது உண்மையாகவே நாறியது. எனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் இந்தக் கதை.

ஒரு விடியற்காலை. வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த அந்தப் பழைய வீட்டின் குசினிக் கதவடியில், தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கிறேன். இரவு பெய்த மழையில் முற்றம் ஈரமாக இருக்கிறது. முருங்கை மரத்தடியில் ஏதோ அசைகிறது. முதலில் யாரோ பழைய குடையை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் கண்ணுக்குப் பிடிபட்டது. அது கபரகொய்யா. அதன் வாயில் எங்கள் கோழி புள்ளி.

கபரகொய்யாவைப் பார்க்காத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உடும்பின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்வாய்த் தண்ணீரில் வாழும். கறுப்பு உடம்பில் மஞ்சள் பொட்டுகள். வாலையும் சேர்த்தால் ஓர் ஆளின் நீளம் வரும். அதற்கு அவசரமே கிடையாது. என்னைக் கண்டும் அது ஓடவில்லை. நாக்கை வெளியே விட முடியாமல் வாய் நிறையக் கோழியோடு, சந்தையில் சாமான் வாங்கி வருகிற ஆளைப்போல நடந்தது. புள்ளியின் ஒரு கால் இன்னும் காற்றில் மிதித்துக்கொண்டிருந்தது.

கோப்பையை எறிந்தேன். தேத்தண்ணி என் காலிலேயே ஊற்றுப்பட்டது. கோப்பை மரத்தில் பட்டு உடைந்தது.

"தம்பி! கொண்டுபோகுது! கொண்டுபோகுது!"

பக்கத்து மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தட்டில் இருந்த பென்சன் அங்கிள், பல்கனியில் நின்று கத்தினார்.

"தெரியுது அங்கிள்!"

"பிறகென்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? துரத்தும்!"

துரத்தினேன். கால்வாய்ப் பக்க மதிலின் அடியில் மழைத்தண்ணீர் போக ஓர் ஓட்டை இருந்தது. அது அதற்குள் தலையை விட்டு, உடம்பை விட்டு, கடைசியாக வாலையும் இழுத்துக்கொண்டது. ஓட்டையின் விளிம்பில் வெள்ளையும் கறுப்புமாகச் சில இறகுகள் ஒட்டிக்கொண்டு நின்றன.

கோழி வந்த விதம்

அது நாடு முழுக்கப் பெற்றோல் இல்லாத காலம். என் ஓட்டோ பொலித்தீனால் மூடியபடி வாசலில் கிடந்தது. ஓட்டோ ஓடாத ஓட்டோக்காரனுக்கு வீட்டில் என்ன வேலை? குசினிக்குள் போனால் உங்கள் அம்மா, "இஞ்சாருங்கோ, கொஞ்சம் அங்கால நில்லுங்கோ" என்பா. முன்னால் போனால் வாசல். பின்னால் போனால் முற்றம். நான் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து தரை தேய்ந்ததுதான் மிச்சம்.

கடைகளில் முட்டையும் காணாமல் போயிருந்தது. அப்போது எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் கோழி வளர்க்கத் தொடங்கினார்கள். முற்றம் இல்லாத ஆட்கள் பல்கனியில் வளர்த்தார்கள். காலி வீதியில் பஸ் சத்தம் குறைந்துபோயிருந்ததால், காலையில் மாடி மாடியாகச் சேவல் கூவுவது கேட்கும். ஐந்தாம் தட்டில் ஒன்று தொடங்கினால் இரண்டாம் தட்டில் மற்றது பதில் சொல்லும்.

எங்களுக்கு முற்றம் இருந்தது. வெளிநாட்டில் இருந்த வீட்டுக்காரர் எப்போது வந்து இடித்து மாடி பிளட் கட்டுவாரோ என்று பயந்துகொண்டு இருந்த வாடகை வீடுதான். என்றாலும் முருங்கையும் முற்றமும் இருந்தன. தெரிந்த ஓர் ஆள் சிலாபத்தில் இருந்து சில ஊர்க்கோழிகள் கொண்டுவந்து தந்தார். புள்ளியை வினோ தன்னுடையது என்று பிடித்துக்கொண்டாள். சிவப்பி ரம்மிக்கு.

மாடிக்காரி மட்டும் தானாக வந்தது. ஒரு நாள் மத்தியானம் மேலே எங்கோ ஒரு பல்கனியில் இருந்து சிறகடித்துக்கொண்டு விழுந்து, எங்கள் தண்ணீர்த் தொட்டியில் முட்டி, எழுந்து நின்று சுற்றிப் பார்த்தது. மாடி மாடியாக ஏறி விசாரித்தோம். யாரும் உரிமை கேட்கவில்லை. இல்லை, ஒருவர் கேட்டார். ஆனால் அவர் தன் கோழி கறுப்பு என்றார். இது தவிட்டு நிறம்.

முதலில் வந்த கள்ளர்

கபரகொய்யாவுக்கு முன்னமே எனக்குப் பகைவர் இருந்தார்கள். குஞ்சு பொரித்த முதல் கிழமையே காகம் வந்தது. ஒரு காகம் தாய்க்கோழியின் வாலைப் பிடித்து இழுக்கும். அது திரும்பிக் கொத்தப் போகும்போது மற்றக் காகம் குஞ்சைத் தூக்கும். மனிதர்கூட அவ்வளவு ஒற்றுமையாகக் களவு எடுப்பதில்லை.

பழைய சீடித் தட்டுகளை நூலில் கட்டி முருங்கையில் தொங்கவிட்டேன். வெயிலில் அவை பளிச்சிட, காகங்கள் ஒரு கிழமை யோசித்தன. பிறகு அவற்றின் மேலேயே இருந்து ஊஞ்சலாடின. மீன் வலைத் துண்டொன்றை மேலே கட்டிய பிறகுதான் அந்தத் தொல்லை விட்டது.

பிறகு ஒரு பூனை. அதற்கு வாளித் தண்ணீர் போதுமாக இருந்தது.

கால்வாயில் கபரகொய்யா கிடப்பது எல்லாருக்கும் தெரியும். பாலத்தில் நின்று பார்த்தால் கல்லின் மேல் வெயில் காயும். ஆனால் கோழி வந்து மாதக் கணக்காகியும், ஒன்றுகூட மதிலைத் தாண்டி எங்கள் பக்கம் வந்ததில்லை. இப்போது மட்டும் ஏன் வந்தது? அந்தக் கேள்வி என்னை நிற்கவும் விடவில்லை, இருக்கவும் விடவில்லை.

மூடிய அறை

ஏனென்றால் அந்த நாட்களில் எங்களுக்கு முட்டை வேண்டும். அதுவும் ஊர்க்கோழி முட்டை.

வினோ பெரியபிள்ளை ஆகியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தவளை அம்மா அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினா. கொட்டாஞ்சேனையில் இருந்து பெரியம்மா, அம்மாவின் அக்கா, நல்லெண்ணெய்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினா. இறங்கின நேரத்தில் இருந்து வீட்டு நிர்வாகம் அவவுடைய கையில்.

"தம்பி, தண்ணி வார்த்துச் சடங்கு முடிக்கிற நாள் வரைக்கும் நீர் உந்தப் பக்கம் போகப்படாது. ஆம்பிளையள் கண்ணில பிள்ளை படக்கூடாது."

"நான் தகப்பன் அக்கா."

"தகப்பன் ஆம்பிளை இல்லையோ?"

நான் முற்றத்துக்குத் திரும்பினேன்.

சடங்கு தெரியாத பிள்ளைகளுக்கு: விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரு பச்சை முட்டையை உடைத்துப் பேணியில் ஊற்றுவார்கள். அந்தக் கோதிலேயே நல்லெண்ணெய் நிரப்பி அதையும் சேர்த்துக் குடிக்கக் கொடுப்பார்கள். இடுப்பெலும்புக்குப் பலம், பிற்காலத்துக்கு நல்லது என்பார்கள். நானும் அதை நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன்.

பெற்றோல் தீரும் வரை, ஓட்டோவின் முன்சீற்றில் என்னோடு ஒட்டிக்கொண்டு இருந்து, "அப்பா, அந்த பஸ்ஸை முந்துங்கோ" என்று கத்தின பிள்ளை. இப்போது அவளுடைய இருமல் சத்தம் மட்டும் கதவுக்குள் இருந்து கேட்டது. நான் போய்ச் சுகம் கேட்க முடியாது. பலகாரம் வாங்கிக் கொடுக்கச் சல்லியும் இல்லை, கடையும் இல்லை. என்னால் அவளுக்குக் கொடுக்கக்கூடியது காலையில் கோழிக் கூட்டில் கைவிட்டு எடுத்து, சூட்டோடு பெரியம்மாவின் கையில் வைக்கிற அந்த முட்டை ஒன்றுதான். அதையும் ஒரு பல்லி கொண்டுபோகப் பார்த்தால் நான் விடுவேனா?

புள்ளி போனதை வினோவுக்குச் சொல்லக்கூடாது என்று அம்மாவும் நானும் முடிவெடுத்தோம். அழுவாள், சடங்கு நேரத்தில் அழக்கூடாது என்றா பெரியம்மா. ரம்மி, உன் வாயை மூடிவைக்கத்தான் நாங்கள் பட்ட பாடு.

காற்றாடிக் கூடு

ஹார்ட்வேர் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணர், எங்கள் நானாவிடம் கம்பி வலை கேட்டுப் போனேன்.

"கம்பியா? கப்பலே வாறல்ல தம்பி, கம்பி எங்கால வரும்?" என்றார் நானா. "என்ன வளக்கிறீங்க, கோழியா யானையா?"

"கோழிதான் நானா. கபரகொய்யா வருது."

"அப்ப கபரகொய்யாவ வளங்க. அதுக்குத் தீனி தேடத் தேவல்ல."

சிரித்துவிட்டு, கடையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். உடைந்த மின்விசிறிகள் ஒரு குவியலாகக் கிடந்தன. அவற்றின் வட்டமான கம்பிக் கூடுகளைக் கழற்றி எடுக்கச் சொன்னார். கயிறு போட்டுக் கட்டி, தோளில் சுமந்துகொண்டு காலி வீதியால் நடந்து வந்தேன்.

அந்த வட்டங்களை ஒன்றோடு ஒன்று வயரால் பிணைத்துக் கூட்டுக்கு ஒரு சுவர் கட்டினேன். வட்டமும் வட்டமும் சேரும் இடத்தில் வரும் இடைவெளிக்கு மரச்சட்டம் அடித்தேன். பார்க்க விசித்திரமாக இருந்தது. பென்சன் அங்கிள் மேலே இருந்து, "தம்பி, கோழியளுக்குக் காத்து வருமோ?" என்று கேட்டார். மதில் ஓட்டைக்கு ஒரு கொங்கிறீட் கல்லை வைத்தேன். மழை பெய்ததும் முற்றமெல்லாம் தண்ணீர் நிறைந்து குசினிக்குள் வரப் பார்த்தது. கல்லை எடுக்க வேண்டியதாய்ப் போயிற்று.

மறுநாளும் அது வந்தது. கூட்டின் கம்பியில் நாக்கை விட்டுத் துழாவியது. உள்ளே கோழிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்று கத்தின. நான் தும்புத்தடியோடு பாய்ந்தேன். அது வாலைச் சுழற்றி அடித்த அடியில் தடி இரண்டாக முறிந்தது.

பொல்லு ஒன்றைத் தேடி எடுத்து ஓங்கினேன். அடுத்த வீட்டுச் சோமா அக்கா மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "மல்லி! ஏபா! ஏபா!" என்று கத்தினா. தம்பி, வேண்டாம், வேண்டாம் என்று அர்த்தம். சோமா அக்கா சிங்களவர். எங்களோடு தமிழில்தான் கதைப்பா. ஆத்திரம் வந்தால் மட்டும் தன் மொழிக்குப் போய்விடுவா. "பவ் நே! பாவம்தானே, அடிக்க வேணாம். அதுக்கும் பசிதானே?"

"என்ர கோழிக்கும் உயிர்தானே அக்கே?"

"அப்பிடித்தான். நீங்க அடிச்சா ரெண்டு பாவம்."

பொல்லைக் கீழே போட்டேன். உண்மையைச் சொன்னால், அதன் வாலுக்கும் பயம்.

கோழிகளைக் கூட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் அவை முட்டை போடுவது குறைந்தது. திறந்துவிட்டால் நான் கூடவே நிற்க வேண்டும். நின்றேன். முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருப்பேன். இருக்க முடியாமல் எழும்பி நடப்பேன். சருகு அசைந்தால் ஓடுவேன். ஒரு நாள் சிவப்பியின் வால் இறகு முழுவதும் போய், அது மொட்டையாக ஓடி வந்தது. அன்று கூட்டில் ஒரே ஒரு முட்டைதான். அதைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு, இது எத்தனை நாளைக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே இருந்து பார்த்தால்

"தம்பி, உமக்கு ஒண்டு சொல்லட்டே?" பென்சன் அங்கிள் பல்கனியில் பல்துலக்கிக்கொண்டு கேட்டார்.

"சொல்லுங்கோ அங்கிள்."

"உது கோழிக்கு வரேல்லை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "புள்ளியைக் கொண்டுபோனதை நீங்கள்தானே கண்டு கத்தினீங்கள்?"

"அது திரும்பிப் போகேக்குள்ள எடுத்தது. உது வந்தவுடன நேர உங்கட வலப்பக்கச் சந்துக்குள்ள போகுது. கொஞ்ச நேரம் அங்க நிக்குது. வெளியால வரேக்குள்ளதான் உம்மட கோழியைக் காணுது. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன்."

"சந்துக்குள்ள என்ன செய்யுது?"

"அது தெரியாது. உங்கட கூரை மறைக்குது."

வலப்பக்கச் சந்து என்றால் வீட்டுச் சுவருக்கும் பக்க மதிலுக்கும் நடுவில் ஓர் ஆள் போகக்கூடிய இடம். நடுவால் கழிவுநீர்க் கான் ஓடும். வினோ இருந்த அறையின் யன்னல் அங்கேதான் இருந்தது. பெரியம்மா அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொன்ன நாளில் இருந்து நான் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முற்றம் முழுவதும் காவல் நின்ற எனக்கு அந்த ஒரு துண்டு நிலம் மட்டும் தெரியாமல் போனது அதனால்தான்.

சந்துக்குள்

மறுநாள் விடிய, பொல்லை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தால் சந்துக்குள் நுழைந்தேன். பிள்ளையைப் பார்க்கக்கூடாது என்பதால் தலையைக் குனிந்துகொண்டு போய், யன்னலுக்கு நேர் கீழே சுவரோடு முதுகை ஒட்டிக் குந்தினேன். அங்கே ஏதோ ஊசிப்போன வாடை. எறும்பு ஒரு வரியாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

உள்ளே பெரியம்மாவின் குரல் கேட்டது.

"மூக்கைப் பிடிச்சுக்கொண்டு ஒரே மடக்கில விடு."

"பெரியம்மா, நீங்க பாத்தா எனக்கு ஓங்காளிக்குது. மற்றப் பக்கம் திரும்புங்கோவன்."

"சரி, திரும்பிட்டன். குடி."

என் தலையிலும் தோளிலும் குளிராக ஏதோ விழுந்தது. கொழகொழவென்று காதுக்குப் பின்னால் வழிந்தது. தொட்டுப் பார்த்தேன். மஞ்சட்கரு. அதோடு நல்லெண்ணெய்.

"குடிச்சிட்டியோ? என்ர ராசாத்தி" என்றா பெரியம்மா. கதவு சாத்துகிற சத்தம்.

"வினோ" என்றேன் மெதுவாக.

யன்னல் கம்பியில் பேணி முட்டிய சத்தம் கேட்டது.

"வினோ, அப்பா."

"ஐயோ! நீங்க இஞ்ச வரக்கூடாது!"

"நான் உன்னைப் பாக்கேல்லை. மதிலைத்தான் பாக்கிறன்."

"அப்ப முட்டை..."

"என்ர தலையில."

சிரிப்பை அடக்குகிற சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலம் போனது போல எனக்கு இருந்தது!

"எப்ப இருந்து ஊத்துறாய்?"

"முதல் நாளில இருந்து. நாறுது அப்பா. நீங்க குடிச்சுப் பாருங்கோ."

குடிக்கத் தேவையில்லை. என் சேர்ட் முழுக்க அதுதான்.

"சத்தம் போடாதேங்கோ" என்றாள் திடீரென்று. "அவர் வாற நேரம்."

"எவர்?"

சந்தின் முடிவில் அந்தத் தலை தெரிந்தது. இரட்டை நாக்கு நீண்டு காற்றை ருசி பார்த்தது. என்னையும் முட்டையையும் பிரித்துப் பார்க்க முடியாமல் நின்றது. நான் பொல்லைத் தூக்கவில்லை. தூக்க இடமும் இல்லை. காலால் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். அது கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது.

"பாவம் அப்பா. அது ஒவ்வொரு நாளும் என்னைப் பாக்க வாறது. இஞ்ச வேற ஒருத்தரும் வாறேல்லைத்தானே" என்றாள். பிறகு, "கோழியளுக்கு ஒண்டும் செய்யாதுதானே? புள்ளி எப்பிடி இருக்குது?"

நான் மதிலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆம், நல்லாயிருக்குது என்று சொல்லியிருக்கலாம். அவளுடைய முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. பொய் சொல்ல அதைவிட வசதியான இடம் கிடையாது. ஆனால் நாளைக்கும் அவள் ஊற்றுவாள், அது வரும், சிவப்பியும் போகும்.

சொன்னேன்.

அவள் அழுகிற சத்தம் மெதுவாகக் கேட்டது. யன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் என் தலைக்கு மேலே தெரிந்தன. அவற்றில் மருதாணி போட்டிருந்தார்கள். அந்தளவு பார்த்ததைச் சடங்கு மன்னிக்கட்டும்.

"நான்தான் கூப்பிட்டிருக்கிறன்" என்றாள்.

"நீ தீனி தீத்தினனி. அவ்வளவுதான். தீத்தினா ஆரும் வருவினம்."

"இனிக் குடிக்கிறன் அப்பா. மூக்கைப் பிடிச்சுக்கொண்டு குடிக்கிறன்."

"வேண்டாம்" என்றேன். ஏன் சொன்னேனோ தெரியாது. வாய் முந்திவிட்டது. "நான் பாத்துக்கொள்ளுறன்."

பெரியம்மாவுக்குச் சொன்ன பொய்

குளித்துவிட்டு நேரே குசினிக்குப் போனேன்.

"அக்கா, கோழி எல்லாம் பயந்துபோச்சுது. முட்டை நிண்டிட்டுது."

"விடியக் கொக்கரிச்சுக் கேட்டுதே?"

"அது பயத்தில கொக்கரிச்சது."

பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தா. "உம்மில நல்லெண்ணெய் மணக்குது" என்றா.

"தலைக்கு வைச்சனான். சூடு."

உங்கள் அம்மா மறுபக்கம் திரும்பி நின்று எதையோ கிளறிக்கொண்டிருந்தா. அவவுடைய தோள் குலுங்கியது போல இருந்தது. இன்றைக்கு வரை நான் கேட்கவில்லை. அன்று தொடக்கம் முட்டைக்குப் பதிலாக உழுத்தங்களி என்று தீர்ப்பாயிற்று. களி என்றால் வினோ சட்டியையும் வழிப்பாள். அதற்குப் பிறகு விழுந்த முட்டைகளை மாடிக்காரிக்கு அடைவைத்தேன்.

கபரகொய்யா பிறகும் சில காலைகளில் சந்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாக அங்கிள் அறிக்கை தந்தார். பிறகு கால்வாயோடு நின்றுகொண்டது.

ஆனால் அந்தப் பொய்யைச் சொன்ன நாள் பின்னேரமே நான் இன்னொரு வேலையும் செய்தேன். அது வினோவுக்குக்கூடத் தெரியாது.

பெரியம்மாவும் அம்மாவும் தண்ணீர் வார்ப்புக்கு நாள் கேட்கக் கோயிலுக்குப் போன நேரம், வாளியும் தும்புக்கட்டையும் எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனேன். வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. யன்னலில் இருந்து கான் வரைக்கும், சுவரில் மஞ்சளும் எண்ணெயுமாக நீளமாக ஒரு கறை. அந்தப் பக்கம் வருகிற எவருக்கும் ஒரே பார்வையில் விளங்கிவிடும். சவர்க்காரத் தூளைப் போட்டுத் தேய்த்தேன். எண்ணெய் போகவில்லை. அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து தேய்த்தேன். கை எரியும் வரை தேய்த்தேன். கடைசியில் போனது.

தள்ளி நின்று பார்த்தேன். பல காலமாகப் பாசியும் புகையும் பிடித்துக் கிடந்த அந்தச் சுவரில், யன்னலுக்குக் கீழே மட்டும் ஒரு பட்டை புதுவீடு போல வெள்ளையாக, கறையைவிடக் கண்ணில் படும்படி நின்றது.

குனிந்து, கானுக்குள் கையை விட்டு ஒரு பிடி சேற்றை அள்ளி எடுத்தேன். அந்த வெள்ளையில், மேலிருந்து கீழ் வரைக்கும், ஆறுதலாகப் பூசினேன்.